மேஜை மில்லிங் மெஷினின் பூர்வீகம்

வீட்டுப் பட்டறைக்குச் சின்னதாக ஒரு மில்லிங் மெஷின் வாங்க நினைப்பவர்கள் விலைப்பட்டியலில் முதலில் பார்ப்பது மோட்டார் எத்தனை வாட், மேஜை எவ்வளவு நீளம், விலை என்ன என்பதைத்தான். மூன்றும் தேவையான விவரங்களே. ஆனால் ஏறத்தாழ ஒரே விலையில், ஒரே அளவில் இரண்டு மெஷின்கள் நிற்கும்போது எதை எடுப்பது என்பதற்கு இந்த மூன்றிலும் பதில் இல்லை. கட்டரைத் தாங்கும் ஹெட் எதைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறது, உருண்டைத் தூணையா, புறாவால் வடிவ டவ்டெயில் தடத்தையா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். சாதாரண அமைப்பு விவரம்போலத் தெரியும் இந்தக் கேள்விக்குள் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. மேஜைமேல் வைக்கும் மில்லிங் மெஷினைப் பெரிய தொழிற்சாலை மெஷினின் குட்டி என்றே பலரும் நினைக்கிறார்கள். உருவம் அப்படி நினைக்க வைக்கிறது. அதன் வம்சாவளியைத் தேடிப்போனால் வழி லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் போய் முடிகிறது. அதன் குறைகளும் அந்தப் பூர்வீகத்திலிருந்து வந்தவை. அதை அறிந்தவருக்கு எதை வாங்குவது என்ற குழப்பம் பாதி குறைந்துவிடும்.

தொழிற்சாலை மெஷினின் வம்சம் துப்பாக்கிப் பட்டறையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், 1818ஐ ஒட்டிய ஆண்டுகளில், துப்பாக்கிப் பாகங்களை அரத்தால் ராவிச் சரிசெய்யும் வேலையைக் குறைக்கவே பல் கொண்ட சுழல் கட்டர் வந்தது. பழைய நூல்கள் எலி விட்னியை மூலவர் என்று எழுதின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் அதை மறுத்து, மிடில்டவுனில் பட்டறை வைத்திருந்த சைமியன் நார்த் போன்றவர்களுக்கும் அரசாங்க ஆயுதசாலைகளுக்கும் உரிய பங்கை எடுத்துக் கொடுத்தார்கள். 1855இல் ஹார்ட்ஃபோர்டில் வந்த லிங்கன் மில்லர் இந்த வகையை ஊரெங்கும் பரப்பியது. அடுத்த திருப்பம் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வந்தது. முறுக்கு டிரில் பிட்டின் திருகு பள்ளத்தை அதுவரை எலிவால் அரத்தால் கையாலேயே ராவிக்கொண்டிருந்தார்கள். பிராவிடன்ஸில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த நிறுவனம் ஒன்றுக்கு இந்தத் தொல்லை தாங்கவில்லை. அதைத் தீர்க்க ஜோசப் பிரவுன் 1861-62இல் யுனிவர்சல் மில்லிங் மெஷினை உருவாக்கினார். மேஜை நகர நகர, பிடித்திருக்கும் கம்பியும் கணக்காகச் சுழன்றுகொடுக்கும். கட்டர் திருகு பள்ளத்தை வெட்டிக்கொண்டே போகும். இந்த வம்சத்து மெஷின்களுக்குப் பொதுவானது ஒன்று: வேலை ஆயிரக்கணக்கில் வரும், அதை மெஷினின் எடை தாங்கும், கட்டரின் பக்கவாட்டுத் தள்ளலை வாங்கிக்கொள்ளவென்றே முதல் கோட்டிலிருந்து வரைந்த உடம்பு.

வீட்டுப் பட்டறையின் தேவை வேறு. அதற்கு நல்ல முன்னோட்டம் லண்டனில் 1829ஐ ஒட்டி நடந்தது. ஹென்றி மாட்ஸ்லேயிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஜேம்ஸ் நாஸ்மித்துக்குக் கப்பல் எஞ்சினின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்யும் பொறுப்பு வந்தது. மாதிரி என்றாலும் ஆறுபக்க நட்டுகள் ஏராளம். ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி ஆறு பக்கமும் ஒத்துவரச் செய்வதற்குப் பதிலாக, நட்டை ஒரு தண்டில் மாட்டி, ஆறில் ஒரு பங்காகத் திருப்பித் திருப்பி நிறுத்தி, சுழலும் கட்டரால் பக்கங்களைச் சீவும் ஏற்பாட்டை அவர் செய்தார். ஒரு சின்ன வேலை, ஒரு தனி ஆள், இருக்கும் சாதனங்களை வைத்தே ஒரு வழி. பிற்கால வீட்டுப் பட்டறைக்காரரின் நிலைமை அப்படியே இதுதான். பெரிய மெஷினைச் சுருக்கிச் செய்து தருவார் யாருமில்லை.

1898இல் பெர்சிவல் மார்ஷல் ‘மாடல் எஞ்சினியர்’ பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு லண்டனில் மாடல் எஞ்சினியர்களின் சங்கமும் உருவானது. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் என்று பலதரப்பட்டவர்கள் கொல்லைப்புறக் கொட்டகையில் நீராவி எஞ்சின் செய்தார்கள். அவர்களால் வாங்க முடிந்தது ஒரே ஒரு மெஷின், அது லேத். ஆகவே மில்லிங்கும் லேத்திலேயே நடந்தாக வேண்டும். இங்கிலாந்தின் சிறிய லேத்துகளுடைய அமைப்பையே இந்தத் தேவை மாற்றிவிட்டது. அவற்றின் கிராஸ் ஸ்லைடில் டி-ஸ்லாட் வெட்டியிருக்கும், வேலையை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்க. அமெரிக்காவின் சிறிய லேத்துகளில் இது பெரும்பாலும் கிடையாது. 1946இல் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் இருந்து வெளிவந்து ஒரு தலைமுறைக்கே அளவுகோலான மைஃபோர்ட் எம்.எல்.7 லேத்திலும் டி-ஸ்லாட் உண்டு. கட்டரை ஹெட்ஸ்டாக் பக்கம் மாட்டி, வேலையை ‘வெர்டிகல் ஸ்லைடு’ என்ற சிறிய செங்குத்துத் தாங்கியில் இறுக்கி, கிராஸ் ஸ்லைடில் போல்ட் போட்டுவிட்டால் மூன்று திசை நகர்வும் கைக்கு வந்துவிடும்.

வேலை நடந்தது, நல்ல எஞ்சின்களும் பிறந்தன. ஆனால் வெர்டிகல் ஸ்லைடு ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கும் சாதனம். ஒரு முனை இறுக்கிய கம்பியின் மறுமுனை எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நீட்டல் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். வேலை பெட்டிலிருந்து சற்றே தள்ளி நின்றாலும் கட்டர் அதிர்ந்து, வெட்டிய முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். அதனால் பலர் தட்டையான முகம் வேண்டுமென்றால் கையால் இழுக்கும் சிறிய ஷேப்பரை நாடினார்கள். ஷெஃபீல்டில் செய்த அடெப்ட் கை ஷேப்பர் இதற்குப் பெயர்பெற்றது. நம் ஊர் ஐ.டி.ஐ.களில் படித்தவர்களுக்கு ஷேப்பர் புதிதல்ல. அதன் ஒற்றை முனை டூலைச் சாதாரண கிரைண்டரிலேயே தீட்டிக்கொள்ளலாம். பல பல் கொண்ட மில்லிங் கட்டரை வீட்டில் தீட்டுவது எளிதல்ல. வீட்டில் மில்லிங் பரவத் தாமதமானதற்கு மெஷின் விலையோடு கட்டர் விலையும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டாவது பெற்றோர் டிரில்லிங் மெஷின். சுழலும் ஸ்பின்டில், கீழே மேஜை, அதில் ஒரு குறுக்கு நகர்வு வைஸை வைத்துவிட்டால் மில்லிங் ஆகிவிடாதா என்று எண்ணாதவர் இல்லை. ஆகாது. டிரில் பிட் கீழ்நோக்கித்தான் தள்ளும், பேரிங்குகளும் அதற்கேற்றவை. எண்ட் மில் பக்கவாட்டில் தள்ளுவதோடு, திருகுப் பல்லால் தன்னையே கீழே இழுத்துக்கொள்ளும். டிரில்லைப் பிடிக்கவென்று 1860களில் ஸ்டீபன் மோர்ஸ் உருவாக்கிய கூம்பு, மேல்நோக்கிய அழுத்தத்தில்தான் நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டு அதிர்வில் நழுவி விழும். மேலிருந்து நீண்ட போல்ட் போட்டு இழுத்துப் பிடித்தாலொழிய அது மில்லிங்குக்கு ஆகாது. இன்றும் பல சிறிய மில்லிங் மெஷின்களின் ஸ்பின்டிலில் மோர்ஸ் கூம்புதான் இருக்கிறது, அந்த இழுப்பு போல்ட்டோடு. டிரில்லின் இரத்தம் ஓடுவதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் தேட வேண்டாம்.

இரண்டு வம்சமும் கலந்த இடத்தை ஆஸ்திரியாவில் பார்க்கலாம். சால்ஸ்பர்க் அருகே ஹாலைனில் எம்கோ நிறுவனம் 1950களில் வெளியிட்ட யூனிமேட், கைக்கடக்கமான லேத். அதன் ஹெட்டைக் கழற்றிப் பின்னால் நிறுத்திய உருண்டைத் தூணில் மாட்டினால் டிரில்லிங்கும் மில்லிங்கும் செய்யலாம். இங்கிலாந்தில் எட்கர் வெஸ்ட்பரி வடிவமைத்து, பின்னர் டோர்-வெஸ்ட்பரி என்ற பெயரில் காஸ்டிங்குகளாக விற்ற மில்லிங் மெஷினிலும் தூண் உருண்டைதான். இங்கேதான் காரணம் பளிச்சென்று தெரிகிறது. வெஸ்ட்பரியின் மெஷினை வாங்குபவர் காஸ்டிங்குகளைத் தன் மைஃபோர்ட் லேத்தில் தானே கடைந்து முடிக்க வேண்டும். லேத் எதைச் செய்யும்? உருண்டையைக் கடையும், துளையை போர் செய்யும். ஆகவே தூணும் உருண்டை, அதைப் பற்றும் ஹெட்டில் துளையும் உருண்டை, இறுக்க ஒரு வெட்டுப் பிளவு, இரண்டு போல்ட். டவ்டெயில் தடமென்றால் பிளேனர் வேண்டும், கிரைண்டிங் வேண்டும், இடைவெளியைச் சரிசெய்யும் ஜிப் பட்டை பொருத்த வேண்டும், கை ஸ்கிரேப்பரால் சுரண்டிச் சுரண்டி ஒட்டவைக்க வேண்டும். வீட்டில் இருப்பவரால் அது ஆகிற காரியமல்ல. மலிவாக விற்க நினைக்கும் தொழிற்சாலைக்கும் அது கசக்கும். உருண்டைத் தூண் என்பது லேத் தன் சாயலில் பெற்ற பிள்ளை.

1980களில் தைவானிலிருந்து அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க் குவிந்த ‘மில்-டிரில்’ மெஷின்கள் இதே கருத்தின் பெரிய வடிவம். ராங் ஃபூ நிறுவனத்தின் ஆர்.எஃப்.30 வகையும் அதன் நகல்களும் பல கடைகளின் பல பெயர்களில் விற்றன. எடை கால் டன்னுக்கு மேல். பல நகல்களின் ஸ்பின்டிலில் ஆர்8 கூம்பு இருந்தது. அது 1938இல் முதல் மெஷினை விற்ற பிரிட்ஜ்போர்ட்டிலிருந்து வந்தது. ருடால்ஃப் பேனோ, மேக்னஸ் வால்ஸ்ட்ரோம் என்ற இரண்டு சுவீடன்காரர்கள் உருவாக்கிய அந்த மெஷின் அமெரிக்கப் பட்டறைகளின் கனவு. எடை ஏறத்தாழ ஒரு டன், வீட்டு மாடிக்கு ஏறாது. மில்-டிரில் அதன் கூம்பைக் கடன் வாங்கியதே தவிர உடம்பைக் கடன் வாங்கவில்லை. ஹெட்டை ஏற்றி இறக்கும் பல்பட்டையைப் பாருங்கள். தூணில் அது ஆணி அடித்ததுபோல நிலையாக இருக்காது. மேலும் கீழும் ஒரு வளையத்துக்குள் சிக்கி, ஹெட்டோடு சேர்ந்து தூணைச் சுற்றிவரும். டிரில்லிங்குக்கு இது வசதி, ஹெட்டைத் திருப்பி எங்கோ ஓரத்தில் துளை போடலாம். மில்லிங்குக்கு இதுவே வினை.

எப்படி என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு துளைக்கு நீளமான டிரில் பிட் மாட்டுகிறீர்கள். அதே துளையை விரிவாக்கக் குட்டையான எண்ட் மில் வேண்டும். நீளம் மாறியதால் ஹெட்டை இறக்கியாக வேண்டும். போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் தூணைச் சுற்றி லேசாகத் திரும்பிக்கொள்ளும். தூண் மையத்திலிருந்து ஸ்பின்டில் 200 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு திரும்பினாலே கட்டர் 0.35 மி.மீ. நகர்ந்துவிடும். பேரிங் உட்கார வேண்டிய துளைக்கு நூறில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகுக்கே இடமில்லை. உருண்டைத் தூண் பலவீனமானது என்று பலர் சொல்கிறார்கள். அது தவறான குற்றச்சாட்டு. முறுக்கு விசையைத் தாங்க உருண்டைக் குழாயை விஞ்சிய வடிவம் இல்லை, கனமான தூண் வளையவும் வளையாது. திசையை மறப்பதே அதன் குற்றம்.

இதற்கு அனுபவசாலிகளிடம் பதில் இருக்கிறது, அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஹெட்டில் ஒரு சிறிய லேசர் விளக்கைப் பொருத்தி, எதிர்ச் சுவரில் செங்குத்தாகக் கோடு போட்டு, ஹெட்டை நகர்த்தியபின் ஒளிப்புள்ளியை மீண்டும் கோட்டில் நிறுத்துவார்கள். சுவர் 4 மீட்டர் தொலைவில் இருந்தால், முன்சொன்ன பத்தில் ஒரு டிகிரி சுவரில் 7 மி.மீ. ஆகத் தெரியும். கண்ணால் 1 மி.மீ. பிரித்தறிய முடிந்தால், கட்டரிடத்தில் 0.05 மி.மீ. வரை சரிசெய்யலாம். நல்ல யுக்திதான். போல்ட் துளைகளுக்கு அது போதும், பேரிங் துளைக்குப் போதாது. துளைக்குள் டயல் இண்டிகேட்டர் விட்டு மையம் பிடிக்கலாமே என்றால், பிடிக்கலாம்; வீட்டில் நேரத்துக்குக் கூலி இல்லை என்பதும் சரி. ஆனால் பாதி வெட்டிய வளைவின் நடுவில் மையம் பிடிக்கத் துளை ஏது? வேலையை ஹெட் நகராத விதத்தில் வரிசைப்படுத்தத் தெரிந்தவர் உருண்டைத் தூணிலும் அருமையாகச் செய்வார். அது அவருடைய திறமைக்குச் சான்று. மெஷினுக்குச் சான்றாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. பூர்வீகம், வம்சம் என்றெல்லாம் எதற்கு, சின்ன மெஷின் என்றாலே பலவீனம் வரும், மலிவு என்றாலே குறை வரும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அளவு காரணம் அல்ல என்பதற்கு சுவிட்சர்லாந்தின் ஆசியெரா நிறுவனம் செய்த எஃப்1 சாட்சி. கடிகாரத் தொழிலின் ஊர்ப்பக்கத்தில், நுண்ணிய வேலைக்கென்று செய்த சிறிய மில்லிங் மெஷின் அது. உருவம் சிறிது, பரம்பரை தொழிற்சாலையுடையது, துல்லியத்துக்குப் பெயர்பெற்றது. ஆக, சிறிய மெஷினும் சரியாகப் பிறக்க முடியும். விலையைப் பொறுத்தவரை மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. எஃப்1 தொழிற்சாலைகளுக்கான விலையில் விற்றது, கொல்லைப்புறக் கொட்டகைக்கு எட்டாது. ஆனால் குறைந்த விலைக்குச் செய்யும்போது எதைக் குறைப்பது என்பதை யார் தீர்மானித்தார்கள்? லேத்திலும் டிரில்லிலும் ஏற்கெனவே கைவந்த வடிவங்கள் இருந்ததால்தான் உற்பத்தியாளர்கள் அங்கே போனார்கள். விலையும் பூர்வீகமும் இரண்டு தனிக் காரணங்கள் அல்ல.

ஷாங்காயின் சீக் நிறுவனம் செய்த எக்ஸ்2 வகை இந்த வாதத்துக்கு முரண்போலத் தோன்றும். 2000களில் உலகெங்கும் பல நிறங்களில், பல பெயர்களில் விற்ற, 50 கிலோவை ஒட்டிய இந்தச் சிறிய மெஷினில் டவ்டெயில் தூண் இருக்கிறது. மலிவு விலையிலேயே இது வந்துவிட்டது என்பது பெரிய முன்னேற்றம்; ஹெட்டை ஏற்றி இறக்கினாலும் மையம் பெரும்பாலும் கூடவே வருகிறது. ஆனாலும் பழைய பழக்கம் முழுதாக விடவில்லை. முதல் வடிவங்களில் தூண் முழுவதும் அடியில் ஒரே ஒரு பெரிய நட்டில் நின்று, பக்கவாட்டில் சாயும்படி செய்திருந்தார்கள். சாய்த்து மில்லிங் செய்பவர்கள் அபூர்வம்; அந்த ஒரு நட்டின் அசைவை எல்லோரும் அனுபவித்தார்கள். கியர்களில் பிளாஸ்டிக் வைத்திருந்தார்கள், கட்டர் சிக்கினால் பல் உடையும். பிறகு பெல்ட் ஓட்டமும் சாயாத தூணும் வந்தன. ஆஸ்திரேலியாவில் ரான் ஷெர் வடிவமைத்து, ஜோ மார்ட்டின் அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வளர்த்த ஷெர்லைன், லேத் வம்சத்தை மறைக்கக்கூட முயலவில்லை. லேத்தின் ஹெட்ஸ்டாக்கே அதன் மில்லிங் ஹெட். கடிகாரம், சிறு மாதிரிகள் அளவிலான வேலைக்கு அது நேர்த்தியானது. அதில் அரை அங்குல எண்ட் மில்லை மாட்டி இரும்பைத் தின்னச் சொல்வது நியாயமில்லை.

டவ்டெயிலிலும் பிழை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். தடம் ஸ்பின்டிலுக்கு இணையாக இல்லாவிட்டால் ஹெட் இறங்க இறங்க மையம் ஒரு பக்கமாக நகரும்; ஜிப் தளர்ந்திருந்தால் இறுக்கும் நேரத்தில் ஹெட் தலையாட்டும். ஆனால் இணை தவறிய பிழை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில், ஒரே திசையில் வரும். டயல் வைத்து அளக்கலாம், அடியில் மெல்லிய தகடு வைத்துத் திருத்தலாம், முடியாவிட்டால் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஜிப்பின் ஆட்டம் ஸ்குரூவைத் திருகினால் அடங்கும். உருண்டைத் தூணின் பிழை ஒவ்வொரு முறையும் வேறு. அதைத் திருத்திவைக்க வழியில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டும். என் தேர்வு இந்த வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது.

ஆகவே, ஒரே விலையில் பெரிய மேஜையும் கூடுதல் வாட்டும் கொண்ட உருண்டைத் தூண் மில்-டிரில் ஒரு பக்கமும், அதைவிடச் சிறிய டவ்டெயில் மெஷின் மறுபக்கமும் நின்றால் டவ்டெயிலை எடுங்கள். அதிலும் தூண் சாயும் வசதியைப் பெரிய சிறப்பாகக் காட்டினால் மயங்காதீர்கள். சாயாத தூணே மேல். இடமும் தரையும் தாங்குமென்றால் ராங் ஃபூவின் ஆர்.எஃப்.45 வகையின் சதுரத் தூண் டவ்டெயில் மெஷின் வீட்டுப் பட்டறைக்கு நீண்ட காலம் போதும். பழைய உருண்டைத் தூண் மெஷின் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, உங்கள் வேலை பெரும்பாலும் துளையும் தட்டை முகமும்தான் என்றால் தாராளமாக வாங்கலாம், லேசருக்கு எதிர்ச் சுவர் தொலைவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் கடையில் நிற்கும்போதே ஸ்பின்டிலில் ஒரு டயல் இண்டிகேட்டரை மாட்டி, மேஜையில் நிறுத்திய செங்கோண மட்டத்தின் முகத்தில் அதன் முனையைத் தொடவைத்து, ஹெட்டை 100 மி.மீ. ஏற்றி இறக்கிப் பாருங்கள். கடைக்காரர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.